ஹேமாவதி அக்காவும் திருநீர்மலை பாட்டிலும்

ஹேமாவதி அக்கா எந்தக் கல்யாணத்திலும் பந்தி வரை இருந்ததில்லை. தாலி ஏறியதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "என் பிளேட் வளர்ந்திருக்கும் ஜெரோம், வண்டியை எடு" என்பார். பக்கத்து நாற்காலிக்காரர்கள், பாவம், கைக்குழந்தையை எங்கேயோ விட்டுவிட்டு வந்தவள் போலிருக்கிறது என்று உச்சுக்கொட்டுவார்கள். அக்கா சொல்வது மூத்திரக் கிருமி வளர்கிற வட்டத் தட்டு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வரிசையே காலியாகிவிடும். இவரால் நான் சாப்பிடாமல் விட்ட பிரியாணிகளை வைத்து ஒரு சின்னக் கல்யாணமே நடத்தலாம். அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். இந்தக் கதையில் அதுவும் ஒரு வேலை செய்திருக்கிறது. அதனால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் டிபன் கடைக்கும் நடுவில் குறுகலான மாடிப்படி. ஏறினால் தேவானந்தம் சாரின் லேப். நான் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ரத்தமும் சிறுநீரும் வாங்கி வருகிறவன். அக்கா கடைசி அறையில் கல்ச்சர் பார்க்கிறவர். இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே ஸ்டூல்.

அக்காவின் வேலையைச் சொல்கிறேன், கேளுங்கள். சிறுநீரில் துளியூண்டு எடுத்துத் தட்டில் தடவி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்துவிடுவார். கிருமி இருந்தால் மறுநாள் காலை புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த குட்டிக் காகித வில்லைகளை வைப்பார். அதற்கும் ஒரு நாள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வெற்று வட்டம் விழுகிறதோ, அந்த மருந்து கேட்கும். வில்லையை இடித்துக்கொண்டே கிருமி வளர்ந்திருந்தால், அந்த மருந்தை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட கிருமியைப் பார்த்தால் அக்காவுக்குப் பொங்கிக்கொண்டு வரும். "திமிரைப் பாரேன். பக்கத்துலயே பாய் விரிச்சுப் படுத்திருக்கான்" என்பார்.

எல்லாக் கிருமிக்கும் அவர் பட்டப்பெயர் வைத்திருந்தார். தட்டு முழுக்கப் பரவுகிற ஒன்று உண்டு. அதற்கு 'துண்டு போடுறவன்' என்று பெயர், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிக்கிறவன் மாதிரி. இன்னொன்று திராட்சை வாசனை அடிக்கும். அது 'ஜூஸ் கடை'. முகர்ந்து பார்க்கக்கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. அக்காவின் மூக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் அன்பு அண்ணன் திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறையில் இருக்கிறார். "எங்க வூட்டுல தயிர் பொறை ஊத்துனாகூட, எத்தினி மணிக்கு ஊத்துனேன்னு எழுதி ஒட்டி வெக்கிறாப்பா" என்று என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

ஜனங்கள் கொண்டு வருகிற பாட்டில்களைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சுத்தமான டப்பாவை நாங்களே கொடுக்கிறோம். இருந்தும் ஊறுகாய் பாட்டிலில் வரும். பொத்தேரியிலிருந்து ஒரு காலேஜ் பையன் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறையக் கொண்டுவந்து, "போதுமா அக்கா, இல்ல ஹாஸ்டலுக்குப் போய் இன்னும் எடுத்துட்டு வரவா?" என்று கேட்டான். அக்கா கோபப்படவே இல்லை. "குளிக்கவா போறேன்? ஒரு மூடி போதும்பா" என்றார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டியில் தேவானந்தம் சார் மண்ணைப் போட்டார். கல்ச்சரை எல்லாம் சிட்டியில் இருக்கிற பெரிய லேபுக்கு அனுப்பிவிட்டு, அந்த அறையை ஸ்கேன் அறையாக மாற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அக்கா மல்லுக்கு நின்றார். கடைசியில் சார் சொன்னார்: "சரிம்மா, ஓடுற வரைக்கும் ஓடட்டும். ஆனா ஒரே ஒரு தப்பு ரிப்போர்ட் வந்துச்சுன்னு வை, மறுநாளே நீ ரிசப்ஷன்ல உட்கார்ந்து டோக்கன் குடுக்கணும்."

 அன்று சாயங்காலம் அக்கா, "டோக்கன் குடுக்கறதுக்கா ஜெரோம் நான் பொறந்தேன்?" என்று கேட்டார்.  அதற்கு அடுத்த வாரம்தான் திருநீர்மலை சம்பத் வந்து சேர்ந்தார்.

சம்பத் அந்த ஊரில் பெரிய ஆள். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது தண்ணீர் லாரிகள் நிற்கின்றன. அறுபது தாண்டியவர், சர்க்கரைக்காரர். நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை. டாக்டர் ஷ்யாம்சுந்தர் யூரின் கல்ச்சர் எழுதிவிட்டார். இந்த டாக்டர்தான் எங்கள் லேபுக்குப் பாதி கேஸ் அனுப்புகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சம்பத்துக்கு நான் போன் செய்தேன். அன்றைக்குக் காலையில்தான் ஒரு புண்ணியவான் முந்தின நாள் மத்தியானத்துச் சிறுநீரை என் தலையில் கட்டி, நான் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சலை எல்லாம் சம்பத் மேல் கொட்டினேன்.

"சார், காலைல மொத யூரின்தான் வேணும். புரியுதா? மொத யூரின். ரெண்டாவது தடவ போனதக் குடுத்தீங்கன்னா நான் தொடக்கூட மாட்டேன், அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

"சரி தம்பி, சரி தம்பி" என்றார் அந்தப் பெரிய மனிதர்.

திங்கள் காலை ஆறரைக்குப் போய் நின்றேன். சம்பத் துண்டால் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவர் மனைவி தாயாரம்மாள் டப்பாவைப் பேப்பரில் சுற்றி, பேப்பரை மஞ்சள் பையில் போட்டு, பையின் வாயை நூலால் கட்டி வைத்திருந்தார். தாயாரம்மாளின் தம்பி பாலு சோபாவில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, லாரிகளை மேய்க்கிற வேலை, மாமா வீட்டிலேயே சாப்பாடு.

"மொத யூரின்தானே சார்?"

"சத்தியமா மொதல் தம்பி. தொட்டுப் பாரு, சூடு கூட ஆறல."

தொட்டுப் பார்த்தேன். ஆறவில்லைதான்.

புதன்கிழமை அக்கா ரிப்போர்ட் கொடுத்தார். கிருமி இருந்தது, ஆனால் ரொம்பச் சாது. எல்லா வில்லைகளைச் சுற்றியும் அழகாக வட்டம். "எந்த மருந்து குடுத்தாலும் கும்பிடு போட்டுட்டுப் போயிடுவான்" என்றார் அக்கா. டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சம்பத்துக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் படுக்க வைத்தார்கள். ரிப்போர்ட்டில் கேட்கும் என்று போட்டிருந்த ஊசியையே டாக்டர் ஏற்றினார். சம்பத் மேலும் நடுங்கினார். சனிக்கிழமை காலை டாக்டர் லேபுக்குப் போன் போட்டுக் கத்தியது எனக்கு மாடிப்படியில் கேட்டது.

"உங்க ரிப்போர்ட்டை நம்பித்தானே டிரீட் பண்றேன்? எல்லாத்துக்கும் சென்சிட்டிவ்னு போட்டிருக்கீங்க, பேஷன்ட் எதுக்குமே ரெஸ்பாண்ட் பண்ணல. இது யார் பார்த்த கல்ச்சர்?"

தேவானந்தம் சார் போனை வைத்துவிட்டு அக்காவின் அறை வாசலில் வந்து நின்றார். திட்டக்கூட இல்லை. அறையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார். ஸ்கேன் மெஷினை எந்த மூலையில் வைப்பது என்று பார்த்திருக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மண்டையில் ஊறுகாய் பாட்டிலை உடைத்திருப்பேன்.

அக்கா கோட்டைக் கழற்றி மாட்டினார். "வண்டியை எடு ஜெரோம். இன்னொரு சாம்பிள் நானே வாங்கறேன்."

நர்சிங் ஹோமில் சம்பத் கட்டிலில் சுருண்டு கிடந்தார். அக்கா நேராகக் கேட்டார். "சார், திங்கட்கிழமை பாட்டில்ல குடுத்தது நீங்கதானே?"

சம்பத்துக்கு அந்தக் காய்ச்சலிலும் ரோஷம் வந்துவிட்டது. "வேற எவன் குடுப்பான்? இன்னா பேச்சும்மா இது? எங்க ஊர்ல வந்து சம்பத்னு கேட்டுப் பாரு, எனுக்கு இன்னா மருவாதின்னு தெரியும்."

அக்கா புது டப்பாவை நீட்டினார். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சம்பத் உள்ளே போனதும், கழிவறைக் கதவுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்து நிமிடம் சத்தமே இல்லை.

"சார், வருதா?"

"நீ நின்னுகினு இருந்தா எப்டிம்மா வரும்?"

"நான் போமாட்டேன் சார்."

"வராது."

"ஜெரோம், அந்த வாஷ்பேசின் குழாயைத் திற. சத்தம் கேட்டா வரும்."

நான் திறந்தேன். நர்சுகள் இரண்டு பேர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினார்கள். தாயாரம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கதவு இடுக்கில் ஒரு கை மட்டும் டப்பாவோடு வெளியே வந்தது. அக்கா அதைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

லேபுக்கு வந்ததும் அதில் பரிசோதனைக் குச்சியை நனைத்தார். கண் விரிந்தது. "ஜெரோம், இதுல சர்க்கரை நாலு பிளஸ். திங்கட்கிழமை பாட்டில்ல சர்க்கரை சுத்தமா இல்ல. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப? அது இந்த ஆளோடது இல்ல."

டாக்டரிடம் அக்கா போனில் சொன்னார். சர்க்கரை ஏறும் இறங்கும், அதை வைத்து ரிப்போர்ட்டைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் வைத்துவிட்டார். அக்கா இரண்டு நாளும் லேபை விட்டு வீட்டுக்குப் போனது தூங்க மட்டும்தான். தூங்கவும் இல்லை என்று அன்பு அண்ணன் சொன்னார்.

திங்கள் காலை தட்டைத் திறந்தார். அடேயப்பா, எனக்கே தெரிந்தது. வில்லைகளை எல்லாம் இடித்துக்கொண்டு கிருமி மதமதவென்று வளர்ந்திருந்தது. இரண்டே இரண்டு வில்லைகளைச் சுற்றித்தான் நல்ல வட்டம். நம் மருந்தையே உடைத்துப் போடுகிற சரக்கை இந்தக் கிருமி சொந்தமாகத் தயாரிக்கிறது என்று அக்கா விளக்கினார். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வட்டத்தையும் இரண்டு தடவை அளந்தார். பிறகு ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ரிப்போர்ட்டை நேரில் கொண்டு போனது அன்றுதான்.

சம்பத்தின் அறையில் டாக்டர் இருந்தார். தேவானந்தம் சாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார். கட்டில் பக்கத்தில் தாயாரம்மாள். ஜன்னலோரம் பாலு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் இரண்டு ரிப்போர்ட்டையும் இரண்டு கையில் பிடித்தார். "ஒரே பேஷன்ட். போன வாரம் எல்லா மருந்தும் கேக்கும். இந்த வாரம் ரெண்டே ரெண்டு ஊசிதான் கேக்கும். இதுல ஒண்ணு தப்பா இருக்கணும். எதை நான் நம்பறது?"

"ரெண்டும் சரி சார்" என்றார் அக்கா.

"ஹேமா, போதும்மா" என்றார் தேவானந்தம் சார். "நாளையிலேர்ந்து கல்ச்சர் வெளியில போகுது. நான் பேசிட்டேன்."

அக்கா சம்பத்தைப் பார்த்தார். சம்பத் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரம் நானாக இருந்திருந்தால் கட்டிலையே கவிழ்த்திருப்பேன்.  அக்காவோ டாக்டரிடம்தான் பேசினார்.

"என் வேலை போனா போகட்டும் சார். அதை அப்புறம் பேசிக்கலாம். இந்த ரெண்டாவது சாம்பிள் நான் கதவுக்கு வெளியில நின்னு வாங்கினது. இதை நம்புங்க. இந்த ஊசியை இப்பவே ஆரம்பிங்க, லேட் பண்ணாதீங்க. இவர் கிட்னிக்குப் போயிடும்."

 டாக்டர் நர்சைக் கூப்பிட்டு ஊசியை மாற்றச் சொன்னார். சம்பத்தின் தோள் லேசாக அசைந்தது. ஆனாலும் ஆள் திரும்பவில்லை.

"மாத்திரையையாவது ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று டாக்டர் தாயாரம்மாளைக் கேட்டார்.

"நான்தான் சார் வேள தவறாம குடுத்தேன். ஆனா இன்னா மாயமோ தெர்ல, அஞ்சு நாள் அட்ட மூணே நாள்ல தீந்துபூடுச்சு."

ஜன்னலோரம் இளநீர் உறிஞ்சுகிற சத்தம் நின்றது. பாலு மெதுவாக அக்கா பக்கத்தில் வந்து காதோடு காதாகக் கேட்டான். ஆனால் லாரி டிரைவர்களை அதட்டிப் பழகிய தொண்டை, அறை முழுக்கக் கேட்டது.

"யக்கா, அந்த மொத பாட்டில்காரன் இருக்கான்ல? அவுனுக்கு மாத்திரயே போதும்ல? ஊசில்லாம் வாணாம்ல?"

"எந்த மொத பாட்டில்காரன்?" என்றார் அக்கா.

"இல்ல, சும்மா ஒரு பேச்சுக்கு."

"பாலு" என்றார் தாயாரம்மாள், எழுந்து நின்று. "அட்டய எவன்டா தின்னது?"

பாலு சுற்றிலும் பார்த்தான். கதவை நர்ஸ் மறைத்துக்கொண்டு நின்றார். "எனுக்கும் ரெண்டு வாரமா சுருக்கு சுருக்குனு எரிச்சல் யக்கா. சூடுன்னு நெனச்சி எளநி குட்சினு கெடந்தேன். மூத்திரம் என்னுது, அத்தப் பாத்து எழுதுன மாத்தர மாமனுதா? நியாயமா பாத்தா எனுக்குத்தான வரணும்? தெனம் ஒண்ணு ஒண்ணு எடுத்துப் போட்டுகினேன். சும்மா சொல்லக்கூடாது, சூப்பரா கேட்டுச்சு!"

 சம்பத் மெல்லத் திரும்பினார். கைகளை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். அவர் பார்த்தது அக்காவை.

"டாக்டர், அந்தம்மா மேல தப்பு இல்ல. பாட்டில்ல இருந்தது நான் இல்ல, இவன்தான். ராவெல்லாம் பத்து தபா ஓடினு இருந்தேன். விடிஞ்சப்போ எது மொதல்னு எனுக்கே தெர்ல. ரெண்டாவது குடுத்தா தொடமாட்டேன்னு இந்தத் தம்பி போன்ல அந்தக் கத்து கத்துச்சு. வூட்டுல அப்ப வரைக்கும் எந்திரிக்காத ஆளு இவன் ஒர்த்தன்தான். எழுப்பி வாங்குனேன். ஒரே வூடு, ஒரே சோறு, ஒரே போர் தண்ணி. யாருதா இருந்தா இன்னான்னு நெனச்சிட்டேன்." அவர் கும்பிட்டார். "உன் பொழப்பப் பத்தி நெனக்காம, என் கிட்னியப் பத்தி பேசுனியேம்மா. வெக்கமா கீது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் காலியான இளநீர் ஓட்டைப் பார்த்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸாரிம்மா. உங்க ரிப்போர்ட் ரெண்டுமே கரெக்ட். முதல் ரிப்போர்ட்டுக்கு டிரீட்மென்ட் எடுத்தவர் குணமாகி நிக்கறாரே" என்றார். பிறகு பாலுவைப் பார்த்து, "நீ அரைகுறையா மாத்திரை போட்டிருக்க. இங்கேயே இரு" என்றார். பாலு உட்கார்ந்தான்.

அக்கா தேவானந்தம் சாரிடம் திரும்பினார். "இப்பச் சொல்லுங்க சார். நாளைக்குப் பிளேட்டை யார் பார்க்கறது?"

சார் ஒரு தடவை கூரையைப் பார்த்தார், ஒரு தடவை டாக்டரைப் பார்த்தார். "நீதாம்மா. வேற யாரு பார்ப்பா?"

அக்கா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். நிமிர்ந்து நடந்து வந்து, ஒழுங்காக ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தார். 

"ரெண்டு நாளா தூங்கலடா ஜெரோம். என் பிளேட்டெல்லாம் போயிடும்னு நெனச்சேன்டா!"

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்? சானடோரியம் சிக்னலில் நின்றோம். பக்கத்து ஆட்டோ டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னை முறைத்தார்.

"யோவ், இன்னாயா பண்ண அந்தம்மாவ?"

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா!"

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என் முதுகில் பளாரென்று வைத்தார். "பண்ணான்! இவன்தான் பண்ணான்! மொத மூத்திரம், மொத மூத்திரம்னு அந்தக் கத்து கத்தினானே, யாரோட மூத்திரம்னு ஒரு வார்த்தை கேட்டானா, கேளுங்க!"

சிக்னல் பச்சையாகியும் அந்த ஆட்டோ நகரவில்லை.